ஒட்டு நாவலும் ஒட்டாத செய்திகளும்

மாஞ்செடிக்கு ஒட்டுக் கட்டுவதை நம் மாவட்டத்து மாணவர்களில் பலர் நேரில் கண்டிருப்பர். வேரும் அடித்தண்டும் ஒரு மரத்தினுடையவை. மேலே தளிர்க்கும் கிளை வேறொரு மரத்தினுடையது. இரண்டும் கூடினால் சில ஆண்டுகளில் நல்ல கனி கிடைக்கும். கூடாவிடில் கட்டிய இடத்திலேயே கிளை கருகிவிடும். நாவல் உலகிலும் இத்தகைய ஒட்டு வகை ஒன்று உண்டு. ஒரு திரைப்படத்தையோ தொலைக்காட்சித் தொடரையோ வேராகக் கொண்டு, அதன் மாந்தரையும் இடங்களையும் நிகழ்ச்சிகளையும் எடுத்துக்கொண்டு எழுதப்படும் நாவலையே இங்கு ஒட்டு நாவல் என்று குறிக்கிறேன். விஞ்ஞானக் கதைத் துறையில் இவ்வகை நூல்கள் மேல்நாடுகளில் மிகப் பல வெளிவந்துள்ளன. அவற்றை விரும்பிப் படிக்கும் இளைஞர்கள் நம் ஊரிலும் இருக்கின்றனர். “படத்தில் அப்படி நடந்தது, நாவலில் இப்படி நடக்கிறதே” என்றும், “முதல் நூலில் இறந்தவர் மூன்றாம் நூலில் எப்படி வந்தார்” என்றும் அவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்விகளே. ஆயினும், எல்லாப் பிழையும் ஒரே எடையுள்ள பிழை ஆகுமா? பொறுக்கத்தக்கது எது, பொறுக்கத் தகாதது எது? இதனைச் சில சான்றுகள்கொண்டு ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சிக்கு வேண்டிய சொற்கள் நம் இலக்கண நூல்களிலேயே இருக்கின்றன. நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களுள் ஒன்றாக நன்னூல் ‘மாறுகொளக் கூறல்’ என்பதைச் சேர்த்திருக்கிறது. முன்னே சொன்னதற்கு மாறாகப் பின்னே சொல்லுதல் என்பது அதன் பொருள். தண்டியலங்காரமோ ‘மலைவு’ என்று வேறொரு குற்றத்தைக் கூறி, அதனை இடமலைவு, காலமலைவு, கலைமலைவு, உலகமலைவு, நியாயமலைவு, ஆகமமலைவு என ஆறாகப் பிரிக்கிறது. நூல் தன்னோடு தானே முரண்படுவது மாறுகொளக் கூறல். நூலுக்கு வெளியே உள்ள உண்மையோடு முரண்படுவது மலைவு. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஓர் எடுத்துக்காட்டு. பத்தாம் நூற்றாண்டில் சோழர் படை நாஞ்சில் நாட்டில் புகுந்த காலத்தை வைத்து ஒருவர் நாவல் எழுதுகிறார் என்று கொள்வோம். அதில் ஒரு வீரன் கோட்டாற்றுச் சத்திரத்தில் அமர்ந்து, அவித்த மரச்சீனிக் கிழங்கை மிளகாய்ச் சம்மந்தியில் தொட்டு உண்கிறான். படிக்கும்போது நாவில் நீர் ஊறும். ஆனால் மரச்சீனியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். போர்ச்சுகீசியர் வரவுக்குப் பின்னரே இந்த நாட்டுக்கு வந்தவை. இது காலமலைவு. ‘மாறுகொளக் கூறல்’ ஆகாது. ஏனெனில் ஆசிரியர் தம் கதைக்குள் எதையும் மறுக்கவில்லை. அதே வீரன் முதல் அத்தியாயத்தில் இடக்கண் பார்வை இழந்தவனாகவும் இருபதாம் அத்தியாயத்தில் இரு கண்ணாலும் நோக்குபவனாகவும் வந்தானானால், அதுவே மாறுகொளக் கூறல். முதற்பிழையைத் தாவரநூல் கற்றவர் காண்பார். இரண்டாவதைக் கவனமுடைய எந்தச் சிறுவனும் காண்பான்.

தண்டியாசிரியர் மற்றொன்றும் சொல்கிறார். மலைவு எல்லா இடத்திலும் குற்றம் ஆகாது. புலவன் காரணம் கருதி அமைத்தானாயின் அமைதியும் உண்டு. விஞ்ஞானக் கதைக்கு இந்த விதி மிக இன்றியமையாதது. கலைமலைவு சிறிதும் இல்லாத விஞ்ஞானக் கதையைக் காண்பது அரிது. ஒளியைவிட விரைந்து செல்லும் கலம் ஒன்றை ஏற்றுக்கொண்டுதான் பல கதைகளை நாம் படிக்கத் தொடங்குகிறோம். ஆசிரியர் அந்த ஒன்றை முன்கூட்டிக் கேட்டுப் பெற்றுக்கொண்டார், நாமும் கொடுத்தோம். கேளாமல் எடுத்துக்கொள்ளும் இரண்டாவதும் மூன்றாவதும்தான் உறுத்துகின்றன.

இனி, ஒட்டு நாவல்களுள் புகழ்பெற்ற ஒன்றைப் பார்ப்போம். அதனோடு தொடர்புடைய ஆசிரியர் நமக்கு அயலவர் அல்லர். இங்கிலாந்தில் பிறந்து, 1956ஆம் ஆண்டில் இலங்கையில் குடியேறி, 2008ஆம் ஆண்டில் கொழும்பிலேயே மறைந்த ஆர்தர் சி. கிளார்க்கே அவர். திரைப்பட இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கும் அவரும் 1964ஆம் ஆண்டு முதல் சேர்ந்து உருவாக்கிய ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ படமாகவும் நாவலாகவும் 1968ஆம் ஆண்டில் வெளிவந்தது. நாவலைப் பார்த்துப் படம் எடுக்கப்படவில்லை. படத்தைப் பார்த்து நாவல் எழுதப்படவும் இல்லை. இரண்டும் ஒரே காலத்தில், ஒன்றை ஒன்று திருத்திக்கொண்டே வளர்ந்தன. அங்ஙனம் வளர்ந்தும் தலையாய செய்தி ஒன்றில் இரண்டும் மாறுபட்டு நிற்கின்றன. நாவலில் டிஸ்கவரி என்னும் விண்கலம் வியாழனின் ஈர்ப்பினால் வேகம் பெற்றுச் சனிக் கோளுக்குச் செல்கிறது; சனியின் துணைக்கோளாகிய ஐயாபிட்டஸில் கதையின் முடிவு நிகழ்கிறது. படத்திலோ பயணம் வியாழனோடு நின்றுவிடுகிறது.

இம்மாறுதலுக்குக் காரணம் தத்துவமும் அன்று, விஞ்ஞானமும் அன்று. சனியின் வளையங்களைக் கண்ணுக்கு மெய்யாகத் தோன்றுமாறு திரையில் அமைத்துக் காட்டுவது அக்காலத்துத் தந்திரக் காட்சிக் கலைஞர்களுக்கு எளிதாக இல்லை. எனவே குப்ரிக் வளையத்தை விட்டார். வளையத்தோடு கோளையும் விட்டார். கிளார்க் தம் நாவலில் சனியையே வைத்துக்கொண்டார். ஒட்டு நாவல்களின் மாறுபாட்டுக்குப் பெரும்பாலும் இத்தகைய தொழிற் காரணங்களே அடிப்படை என்பதை மாணவர்கள் கருத வேண்டும். நாவலாசிரியர் கையில் கொடுக்கப்படுவது முடிந்த படம் அன்று. படப்பிடிப்புக்கு முன் எழுதிய திரைக்கதை. படம் வெளியாகும் வேளையில் நூலும் கடையில் இருக்க வேண்டுமாதலால் அவர் விரைந்து எழுத வேண்டும். அவர் எழுதி அச்சுக்குக் கொடுத்தபின் படத்தில் ஒரு காட்சி வெட்டப்படும், இன்னொன்று சேர்க்கப்படும். அதை அறிய அவருக்கு வழியில்லை. எழுதும் உரிமையும் அவருக்கு முழுமையாக இல்லை. கதைமாந்தர் பிறருடைய சொத்து.

‘2001’இல் சிறு மாறுபாடுகளும் உண்டு. ஹால் என்னும் கணிப்பொறி இயங்கத் தொடங்கிய ஆண்டு படத்தில் 1992, நாவலில் 1997. ஹால் மனிதரைக் கொல்லத் துணியும் பகுதியும் வெவ்வேறாக அமைந்திருக்கிறது. நாவலில் கலத்தின் கதவுகளை ஹால் திறந்துவிட, காற்றெல்லாம் வெளியேறுகிறது. போமன் ஆபத்துக் கால அறை ஒன்றில் புகுந்து உயிர் தப்புகிறான். படத்தில் அவன் தலைக்கவசம் இன்றி, வெற்றிடத்தின் வழியாகக் கலத்துக்குள் பாய்கிறான். இது கலைமலைவு என்று பலர் எண்ணினர். அவ்வாறு முற்றிலும் தள்ளிவிட முடியாது. வெற்றிடத்தில் மனிதன் உடனே வெடித்துவிடுவதில்லை. ஏறத்தாழ பத்து முதல் பதினைந்து நொடி வரை அறிவு தெளிவாக இருக்கும். போமனுக்கு அவ்வளவு நேரம் போதும். ஆனால் பாயுமுன் அவன் மூச்சை அடக்கிக்கொள்வதுபோல் காட்டியிருப்பது தவறு. வெளியழுத்தம் நீங்கியவுடன் உள்ளே அடங்கிய காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். மூச்சை வெளியே விட்டுவிட்டே பாய வேண்டும். பெரிது என்று நாம் எண்ணிய குற்றம் குற்றமன்று. நாம் கவனியாத சிறு செயலே குற்றம்! விஞ்ஞானக் கதையைச் சோதிக்கும்போது இந்த வியப்பு அடிக்கடி நேரும்.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1982இல், கிளார்க் இதன் தொடர்ச்சியாக ‘2010’ என்னும் நாவலை வெளியிட்டார். இப்போது அவர் ஒரு முட்டுச்சந்தில் நின்றார். தம் நாவலைத் தொடர்ந்தால் டிஸ்கவரி சனியில் இருக்க வேண்டும். உலகம் கண்ட படத்தைத் தொடர்ந்தால் வியாழனில் இருக்க வேண்டும். இதற்கிடையே 1979ஆம் ஆண்டில் வாயேஜர் விண்கலங்கள் இரண்டும் வியாழனைக் கடந்து சென்றன. அயோ என்னும் துணைக்கோளில் எரிமலைகள் குமுறுவதையும், யூரோப்பாவின் மேற்பரப்பு பனிப் பாளமாக இருப்பதையும் அவை படம்பிடித்து அனுப்பின. அப்பனிக்கு அடியில் கடல் இருக்கலாம் என்னும் எண்ணம் கிளார்க்கின் கற்பனையைத் தூண்டியது. அவர் தம் நூலைக் கைவிட்டுப் படத்தைத் தழுவினார், வியாழனைத் தேர்ந்துகொண்டார்.

நான் பாராட்டுவது அத்தேர்வை அன்று. அதை அவர் மறைக்காமையை. முன்னுரையில் காரணத்தைப் படிப்பவருக்கு வெளிப்படையாக எடுத்துரைத்தார். பின்னர் 1987இல் ‘2061’ வெளிவந்தபோது, இந்நூல்கள் ஒரே நூலில் கோத்த மணிகள் அல்ல, ஒரே பொருளின் மேல் எழுந்த வெவ்வேறு வடிவங்கள், இவை யாவும் ஒரே பிரபஞ்சத்தில் நிகழ்ந்தன என்று கொள்ள வேண்டியதில்லை என்னும் கருத்தையும் தெரிவித்தார். ஓர் இராகத்தை எடுத்துக்கொண்டு இன்று ஒரு விதமாகவும் நாளை ஒரு விதமாகவும் விரித்துப் பாடும் வித்துவானை, நேற்றுப் பாடியதற்கு மாறாகப் பாடினாய் என்று யாரும் குற்றம் சாட்டுவதில்லை. கிளார்க் வேண்டிய உரிமை அதுவே.

மலைவையும் அவர் அவ்வாறே கையாண்டார். அவருடைய ‘தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’ என்னும் நாவல் 1979ஆம் ஆண்டில் வெளிவந்தது. அது ஒட்டு நாவல் அன்று. எனினும் இங்கே சொல்லத்தக்கது. பூமியிலிருந்து விண்வெளிக்கு ஏறிச்செல்லும் உயரமான தூக்கி ஒன்றைக் கட்டுவது அதன் கதை. பூமியோடு ஒத்த வேகத்தில் சுற்றி, ஒரே இடத்தின் மேல் அசையாது நிற்பதுபோல் தோன்றும் கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில்தான் இருக்க முடியும். ஆகவே தூக்கியின் அடியும் நிலநடுக்கோட்டில் ஊன்றப்பட வேண்டும். இலங்கையோ வட அட்சரேகை 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையில் கிடக்கிறது. நம் குமரிமுனை 8 பாகையில் இருக்கிறது. கிளார்க் என்ன செய்தார்? தாம் வாழ்ந்த தீவையே பெயர்த்து 800 கிலோமீட்டர் தெற்கே வைத்தார். சிவனொளிபாத மலையின் உயரத்தையும் இருமடங்காக்கினார். தீவுக்குத் தப்ரபேன் என்னும் பழம்பெயரைச் சூட்டினார். இத்தனையையும் செய்ததாக நூலிலேயே எழுதியும் வைத்தார். தீவை நகர்த்தியது இடமலைவு. நகர்த்தாமல் விட்டிருந்தால் தூக்கி நில்லாது. அது கலைமலைவு ஆகியிருக்கும். கதையின் உயிர் எதில் இருக்கிறதோ அதைக் காத்து, மற்றொன்றை அறிந்தே விட்டுக்கொடுத்தார்.

தொடர்ச்சியில் தடுமாறுவது இக்காலத்தில் மட்டும் நேர்ந்ததன்று. விஞ்ஞானக் கதையின் முன்னோடிகளுள் ஒருவராகிய ஜூல்ஸ் வெர்ன், 1869இலும் 1870இலும் வெளியிட்ட கடற்பயணக் கதையில் நெமோ என்னும் தலைவனைப் படைத்தார். நாட்டிலஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பலில் உலகக் கடல்களைச் சுற்றிவரும் அவன், 1868ஆம் ஆண்டு சனவரியில் மன்னார் வளைகுடாவுக்கும் வருகிறான். குமரிக்குக் கிழக்கே விரியும் அதே கடல். முத்துக் குளிக்கும் பருவம் மார்ச்சு மாதம் என்பதை ஆசிரியர் அறிந்திருக்கிறார். ஆதலால் சனவரியில் குளிப்பவர் கூட்டத்தைக் காட்டாமல், பருவத்துக்கு முன்பே வந்து தனியே மூழ்கும் ஏழை ஒருவனை மட்டும் காட்டுகிறார். காலமலைவைத் தவிர்க்கும் நுட்பம் இது. அவ்வேழையைச் சுறாமீன் தாக்க, நெமோ தன் உயிரைப் பொருட்படுத்தாது காப்பாற்றி, ஒரு பை முத்தையும் கொடுத்து அனுப்புகிறான். தானும் ஒடுக்கப்பட்டோருள் ஒருவனே என்பது அவன் பேச்சால் விளங்குகிறது. எந்த நாட்டவன் என்பது மட்டும் அந்நூலில் வெளிப்படவில்லை. போலந்து நாட்டவனாகப் படைக்கவே வெர்ன் முதலில் எண்ணினார் என்றும், இரஷ்யருக்கு மனவருத்தம் உண்டாகும் என அஞ்சிய பதிப்பாளர் அதற்கு உடன்படவில்லை என்றும் அறிகிறோம்.

அடுத்து 1874-75இல் வந்த ‘மர்மத் தீவு’ என்னும் நாவலின் இறுதியில், நெமோ ஓர் இந்தியன் என்று தெரியவருகிறது. புந்தேல்கண்டு அரசனின் மகனாகிய தக்கார் என்னும் இளவரசன் அவன். 1857ஆம் ஆண்டுப் புரட்சியில் வெள்ளையரை எதிர்த்துப் போரிட்டவன். மன்னார்க் கடலில் அவன் காட்டிய இரக்கத்தோடு இச்செய்தி எவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது! பழைய நூலின் காட்சிக்குப் புதிய நூல் புதுப்பொருளைத் தருகிறது. திப்பு சுல்தானின் மருமகன் என்று அவனைக் கூறியிருப்பதுதான் சற்று இடறுகிறது. 1799இல் திப்பு வீழ்ந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்தவன் என்று கணக்கிட வேண்டிய ஒருவனை, மைசூருக்கு நெடுந்தொலைவிலுள்ள புந்தேல்கண்டு அரசனின் மகனை, அவ்வுறவில் வைப்பது அரிது. நடவாதது என்று சொல்லமாட்டேன். பாரிசில் இருந்து பார்க்கும்போது இந்தியா சிறிய நாடாகத் தோன்றியிருக்கலாம்.

பெரும் முரண் ஆண்டுக் கணக்கில் இருக்கிறது. முதல் நூலின்படி நாட்டிலஸ் கப்பலிலிருந்து பேராசிரியர் ஆரோனாக்ஸ் தப்பியது 1868ஆம் ஆண்டு சூனில். இரண்டாம் நூலின்படி நெமோ முதுமையுற்று இறப்பது அதே 1868ஆம் ஆண்டு அக்டோபரில். அதற்கு முன் பல ஆண்டுகளாகவே அவன் அத்தீவின் குகையில் தனித்துக் கிடந்தானாம்! ஆரோனாக்ஸ் கப்பலில் இருந்தது பதினாறு ஆண்டுகளுக்கு முன் என்றும் இரண்டாம் நூல் கூறுகிறது. எந்தக் கணக்கும் இதனைச் சரிசெய்யாது. பதிப்பாளர் செய்தது யாது? ஆண்டுகள் ஒத்துவரவில்லை என்பதை அடிக்குறிப்பிலேயே ஒப்புக்கொண்டு அச்சிட்டார். நூற்றைம்பது ஆண்டுகளாக அந்நூலைப் படித்த எவரும் அதனால் நெமோவை வெறுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நாள்காட்டி தவறினாலும் மனிதன் தவறவில்லை. கொடுமையைப் பொறாத நெஞ்சம் இரு நூலிலும் ஒன்றே.

இதனால் எனக்கு ஒன்று புலனாகிறது. பிழையைக் காட்டிலும் அதை அடைக்கும் முறையையே நாம் உற்று நோக்க வேண்டும். வெர்னின் பதிப்பாளர் ஒப்புக்கொண்டார். கிளார்க் முன்னுரையில் காரணம் சொன்னார். ஐசக் அசிமோவ் மூன்றாவது வழியில் சென்றார். 1966ஆம் ஆண்டில் வந்த ‘ஃபெண்டாஸ்டிக் வாயேஜ்’ என்னும் படத்தில் மருத்துவக் குழு ஒன்றையும் புரோட்டியஸ் என்னும் நீர்மூழ்கியையும் நுண்ணிய அளவுக்குச் சுருக்கி, நோயாளி ஒருவரின் குருதிக் குழாயில் செலுத்துகிறார்கள். அறுபது நிமிடத்துக்குள் வெளிவராவிடில் சுருங்கியவை மீண்டும் பெருகிவிடும் என்பது கதை தானே விதித்த விதி. முடிவில் ஒரு வெள்ளணு நீர்மூழ்கியை விழுங்கிவிடுகிறது. மனிதர் நால்வர் மட்டும் கண்ணீர்த் துளியோடு வெளியேறிப் பெருகுகின்றனர். எல்லோரும் மகிழ்கிறார்கள். நீர்மூழ்கி? அது நோயாளியின் தலைக்குள்ளேயே இருக்கிறது! விழுங்கப்பட்டாலும் அதன் பொருள் எங்கும் போய்விடவில்லை. அதுவும் பெருகியே தீர வேண்டும்.

இப்படத்தை நாவலாக்கும் பணியை ஏற்ற அசிமோவ், இம்முடிவை மாற்ற இசைந்தால்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டார். நாவலில் அவ்வெள்ளணுவையே தம்மைத் துரத்திவரச் செய்து, அதையும் அதற்குள் இருக்கும் சிதைவையும் கண்ணீர் வழியே வெளியே கொண்டுவருகிறார்கள். மனிதனைச் சுருக்குவது பெரிய கலைமலைவு. அதை அவர் தொடவில்லை. அது படக்கதை நம்மிடம் முதலிலேயே கேட்டுப் பெற்ற சலுகை. ஆனால் அறுபது நிமிட விதி கதை நமக்குக் கொடுத்த வாக்கு. அதை மீற அவர் விடவில்லை. நாவல் படத்துக்கு முன்பே வெளிவந்தமையால், நாவலைத்தான் படமாக்கினார்கள் என்று பலர் எண்ணினர் என்பது வேடிக்கை. ஆயினும் அவர் மனம் நிறைவு பெறவில்லை. 1987இல் அதே கருத்தைத் தம் விஞ்ஞானத்துக்கு ஒத்தவாறு புதிதாக அமைத்து வேறொரு நாவல் எழுதினார். பெயரில் ‘இரண்டு’ என்று இருந்தாலும் அது முன்னதன் தொடர்ச்சி அன்று.

ஒரு கை எழுதும்போதே இவ்வளவு இடர்ப்பாடு என்றால், நூறு கைகள் ஒரே உலகத்தை எழுதினால்? 1977ஆம் ஆண்டில் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ அப்படி வளர்ந்தது. அதில் ஹான் சோலோ தன் கலத்தின் விரைவைப் பெருமையாகச் சொல்லும்போது, குறிப்பிட்ட வழியைப் பன்னிரண்டு பார்செக்குக்குள் கடந்ததாகக் கூறுகிறான். பார்செக் என்பது தூரத்தின் அளவு, 3.26 ஒளியாண்டு கொண்டது. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு எண்பது கிலோமீட்டர் நேரத்தில் போய்ச் சேர்ந்தேன் என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? பிற்காலத்து ஒட்டு நாவலாசிரியர் இதனை அடைக்கக் கருந்துளைகளைக் கொண்டுவந்தனர். அவற்றை ஒட்டி உரசிச் செல்லத் துணிந்தால் வழி குறுகும். ஆதலால் குறைந்த தூரமே திறமைக்குச் சான்று என்று விளக்கினர். கெட்டிக்காரத்தனமான விளக்கம்தான், 2018இல் ஒரு படமும் அதை ஏற்றுக்கொண்டது. முதல் ஒட்டு நாவல்களுள் ஒன்று 1978இல் ஆலன் டீன் ஃபாஸ்டர் எழுதியது. அதில் லூக்கும் லேயாவும் காதல் அரும்பும் நிலையில் வருகின்றனர். 1983இல் வந்த படத்திலோ இருவரும் இரட்டைப் பிள்ளைகள் என்று தெரிகிறது. ஃபாஸ்டர் மீது பழியில்லை. அவர் எழுதும்போது யாரும் அவரிடம் சொல்லவில்லை. முடிவாக 2014ஆம் ஆண்டில், புதிய படங்களுக்கு இடம் செய்யவேண்டி, அதுவரை வந்த ஒட்டு நாவல்கள் யாவும் ‘பழங்கதைகள்’ என்று உரிமையாளரால் அறிவிக்கப்பட்டன. பல ஆண்டு உழைத்த எழுத்தாளரையும் படித்த இளைஞரையும் ஓர் அறிவிப்பு வெளியே நிறுத்திவிட்டது. முரணை நீக்கும் வழிகளுள் இதுவே எனக்கு மிகவும் பிடிக்காதது.

தமிழில் படத்தை ஒட்டிய விஞ்ஞான நாவல் வழக்கம் வேரூன்றவில்லை. ஆனால் ஒரே உலகத்துக்குத் திரும்பி வந்து எழுதுவது உண்டு. கல்கி ‘பார்த்திபன் கனவு’ நாவலை 1941இல் தொடங்கினார். அதன் முன்கதையாகிய ‘சிவகாமியின் சபத’த்தைப் பின்னரே எழுதினார். முதலில் எழுதிய நூலில் ஒற்றைக் கையனாக வரும் காபாலிகனுக்கு, பின்னர் எழுதிய முன்கதையில் அக்கை போயாக வேண்டும்; போயிற்று. சுஜாதா ‘என் இனிய இயந்திரா’வில் எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயரே என்று ஒரு சட்டம் வகுத்தார், ‘மீண்டும் ஜீனோ’ எழுதும்போது அவரும் அச்சட்டத்துக்குள்தான் நடமாட வேண்டியிருந்தது. அக்கதை குறித்த 2020களின் தொடக்கம் கடந்துவிட்டதே, அப்படி ஒன்றும் நடக்கவில்லையே என்று கேட்பது முறையன்று. கதை சோதிடம் அன்று.

பலர் கை பட்டு வளர்ந்த கதை உலகம் நமக்கும் உண்டு. அதைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. நாஞ்சில் நாட்டிலும் நெல்லைச் சீமையிலும் கொடை விழாக்களில் பாடப்படும் வில்லுப்பாட்டே அது. ஒரே தெய்வத்தின் கதையை ஒரு கோயிலில் ஒரு விதமாகவும், இரண்டு கல் தொலைவில் மற்றொரு விதமாகவும் பாடுவர். கேட்போர் சண்டையிடுவதில்லை, அங்கே அப்படி, இங்கே இப்படி என்று அமைதி கொள்வர். ஆனால் ஒரே இரவில், ஒரே பாட்டில், மாறுகொளக் கூறினால் விடமாட்டார்கள். கிளார்க் முன்னுரை எழுதிக் கேட்ட உரிமையை நம் மக்கள் கேளாமலேயே கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

அவ்வுரிமை எங்கே எல்லை கடந்தது என்பதற்கு முத்துப்பட்டன் கதை சான்று. முத்துப்பட்டன் பிராமண குலத்து இளைஞன். தோல் தொழில் செய்யும் அருந்ததியர் குலத்து வாலப்பகடையின் மக்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் காதலித்தான். குடுமியையும் பூணூலையும் களைந்து, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டால்தான் பெண் கொடுப்பேன் என்கிறார் தந்தை. அவ்வாறே செய்து அப்பெண்களை மணந்தான். பின்னர் மாட்டுக் கிடையைக் காக்கத் திருடரோடு போரிட்டு மாண்டான்; பெண்கள் இருவரும் அவனோடு தீப்புகுந்தனர். இக்கதையின் சில வடிவங்களில் ஒரு செய்தி காணப்படுகிறது: அப்பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகளாம், காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தாராம். இக்கதைப் பாடலைப் பதிப்பித்து ஆராய்ந்த பேராசிரியர் நா. வானமாமலை, இப்பகுதி பின்னர் நுழைக்கப்பட்டது என்று காட்டினார்.

இதனை நாம் இதுவரை பார்த்த பிழைகளோடு வைத்துப் பாருங்கள். இங்கே கதையில் அடைக்க வேண்டிய ஓட்டை ஏதும் இருந்ததில்லை. நாள்கணக்குத் தவறவில்லை, இடம் மாறவில்லை, யாரும் இருமுறை இறக்கவில்லை. ஆயினும் ஓர் ஒட்டுப் போடப்பட்டது. அதைப் போட்டவுடன்தான் உண்மையான மாறுகோள் பிறக்கிறது. பெண்கள் பிராமணரே என்றால், பட்டன் எதைத் துறந்தான்? குடுமியை ஏன் களைந்தான்? செருப்பை எதற்காகத் தைத்தான்? சாதி கடந்த மணத்தைப் பாடும் கதை, அது நடக்கவே இல்லை என்று சொல்லும் கதையாகிவிடுகிறது. ஹான் சோலோவின் பார்செக்கை அடைத்தவர்கள் ஒரு சொல்லைக் காப்பாற்றக் கருந்துளைகளைப் படைத்தார்கள். இங்கே கதையின் உயிரையே ஒரு கருந்துளைக்குள் தள்ளிவிட்டார்கள்.

ஆனால் வழிபாடு அந்த ஒட்டை ஏற்கவில்லை. பாபநாசத்துக்கு மேலே, மலைக்காட்டில் உள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் என்னும் பெயரோடு முத்துப்பட்டன் இன்றும் வணங்கப்படுகிறான். அவன் சன்னிதியில் மக்கள் தோல் செருப்புகளைக் காணிக்கையாகக் கட்டித் தொங்கவிடுகிறார்கள்.